டாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை

என் அண்ணன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தார். 1967-இல் இருபது வயதில் உள்ளே போனவர் 2007-இல் வெளியே வந்தார். அந்த நாற்பது வருஷத்துக்குச் சாட்சியாக வீட்டில் இருப்பவை இரண்டே இரண்டு. பணி ஓய்வு நாளில் மாலையோடு எடுத்த ஒரு போட்டோ, அடி நசுங்கிய ஒரு டிபன் கேரியர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. அவர் செய்த வண்டியின் பக்கத்தில் அவர் நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயதுப் பேத்தி அவரிடம், "தாத்தா, நீ என்ன வேலை பாத்தே?" என்று கேட்டாள். "டேங்க் செஞ்சேம்மா" என்றார். "மாடில தண்ணி ரொம்பி வழியுதே, அந்த டேங்க்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று மாலை வரை அவர் அதிகம் பேசவில்லை. அதை நான் கவனித்தேன்.

அவள் கேட்டதில் தவறே இல்லை. அந்தப் பெயர் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்ததுதான். 1915-இல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி என்ற விவசாய இயந்திரத் தொழிற்சாலையில் இந்த வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். விஷயம் வெளியே போகாமல் இருக்க, போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று கதை கட்டினார்கள். அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் இறங்கியபோது உலகத்துக்கே அந்தப் பெயர் தெரிந்துபோயிற்று.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் சின்ன லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட் இருக்கின்றன. அன்று இரவு அண்ணனிடம் போய், "அண்ணே, நாம ஒரு விஜயந்தா செஞ்சிடலாமா? சின்னதா, ஓடற மாதிரி?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஓடணும்னா ட்ராக் செய்யணும்டா. உன்னால ஆகாது" என்றார். இப்படித்தான் வேலை தொடங்கியது.

விஜயந்தாவைப் பற்றி இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்தில் இருந்தவை எல்லாம் வெளிநாட்டு டாங்கிகள். அமெரிக்க ஷெர்மன், பிரிட்டிஷ் செஞ்சூரியன், பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13. ஒவ்வொன்றுக்கும் உதிரி பாகம் கடல் தாண்டி வர வேண்டும். நாமே செய்துகொள்வது என்று முடிவாகி, 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். இங்கே முதலமைச்சர் காமராஜர். இடம் ஆவடி. 1955-இல் காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியதே, அதே ஆவடிதான். 1963-இல் விக்கர்ஸ் முதல் மாதிரி வண்டியை முடித்தது. 1965-இல் விஜயந்தா ராணுவத்துக்கு வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் பாகிஸ்தானோடு போர். போரின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்திவைத்தன. சொந்தத் தொழிற்சாலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதுவே பதிலாக இருந்தது.

முதலில் கொஞ்சம் வண்டிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பிறகு ஆவடியில் 1983 வரை செய்தார்கள். மொத்தம் சுமார் 2,200 என்று கணக்கு. எடை 39 டன். உள்ளே நான்கு பேர். 105 மில்லிமீட்டர் பீரங்கி. செஞ்சூரியனின் எடை 50 டன்னுக்கு மேல். கவசத்தின் கனத்தைக் குறைத்து, வேகமாக ஓடும் வண்டியாக விஜயந்தாவை வடிவமைத்திருந்தார்கள். அதன் லேலண்ட் எல்-60 இன்ஜினில் ஒரு விசேஷம் உண்டு. ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக வந்து நடுவில் சந்திக்கும். மேலே ஒரு கிராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று.

எங்கள் மாதிரிக்கு ஆறில் ஒரு பங்கு அளவு என்று முடிவு செய்தோம். ஒரு ஊரில் பீடத்தின்மேல் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய விஜயந்தா ஒன்றை, அனுமதி கேட்டுக்கொண்டு, டேப் வைத்து அளந்து வந்தேன். உடம்பின் நீளம் ஏறக்குறைய 7.9 மீட்டர். ஆறால் வகுத்தால் 1.32 மீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர். ஒரு சின்னக் கட்டில் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கில்தான் என் பழைய மாணவர்களும் தடுமாறுவார்கள். நீளம் ஆறில் ஒன்று என்றால் எடையும் ஆறில் ஒன்று ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகக் குறைவதால் எடை 216-இல் ஒன்று ஆகும். 39 டன் வண்டி 180 கிலோவுக்கு வந்துவிடும். எங்களுடையது இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் செய்ததால் 90 கிலோவில் நின்றது. அதையே தூக்க நான்கு பேர் வேண்டும்.

உடம்பும் டரட்டும் தகட்டு வேலை. இரண்டு மாதத்தில் முடிந்தது. பீரங்கி அலுமினியக் குழாய். ஒரு பக்கத்துக்கு ஆறு ரோடு வீல், மேலே பட்டையைத் தாங்க மூன்று சிறிய உருளைகள், பின்னால் இழுக்கும் ஸ்ப்ராக்கெட், முன்னால் ஐட்லர். ஒவ்வொரு ரோடு வீலும் ஒரு கையில் மாட்டியிருக்கும். அந்தக் கை ஒரு இரும்புக் கம்பியின் முனையில் இருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுகும். ஈர வேட்டியைப் பிழிகிறோமே, அது மாதிரி. இறங்கியதும் கம்பி பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் டார்ஷன் பார். கம்பிகள் வண்டியின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போவதால், இடது பக்கக் கம்பியும் வலது பக்கக் கம்பியும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஒன்றை அடுத்து ஒன்றாகத்தான் போட வேண்டும். அதனால் எங்கள் வண்டியில் இடது சக்கரமும் வலது சக்கரமும் நேருக்கு நேர் இல்லை, கொஞ்சம் விலகியே நிற்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "சார், அளவு தப்பிப்போச்சு" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு ட்ராக். அண்ணன் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

முதலில் சுலப வழி தேடினேன். மாவு மில் பெல்ட் வாங்கி அதன்மேல் மரச்சட்டம் அறைந்தேன். தரையில் ஓடியது. திரும்பச் சொன்னதும் நழுவிக் கழன்றது. இரண்டாவது, புதுப்பேட்டையில் பழைய மோட்டார் சைக்கிள் செயின் வாங்கி, குறுக்கே இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்தேன். ஒரு செயின் ஒரு நீளத்துக்குத் தேய்ந்திருந்தது, இன்னொன்று வேறு நீளத்துக்கு. வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே போயிற்று. நான்கு மாதம் வீண். இந்த இடத்தில்தான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது லிங்கன் கதையைத் திரும்பப் படித்தேன். முன்பும் படித்ததுதான். ஆனால் கையில் கிரீஸோடு படிக்கும்போது வேறு மாதிரி இருந்தது. 1915-இல் அந்த முதல் வண்டியைச் செய்தவர்கள் இரண்டு பேர். கம்பெனியை நடத்திய வில்லியம் ட்ரிட்டன், பொறியாளர் வால்டர் வில்சன். அவர்களுக்கும் பீரங்கியோ கவசமோ சிக்கலாக இருக்கவில்லை. ட்ராக்தான் சிக்கல். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டிராக்டர் ட்ராக்கை மாட்டினார்கள். பதுங்குகுழியைத் தாண்டும்போது அது கீழே தொங்கிவிடும். மறுபடி தரையில் பட்டதும் சக்கரத்தில் சரியாக உட்காராமல் கழன்றுவிடும். ரப்பர் போன்ற பலாட்டாப் பட்டையை யோசித்தார்கள். கம்பிக் கயிற்றுப் பட்டையை யோசித்தார்கள். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ட்ரிட்டன் எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துக் கண்ணிகளைப் புதிதாக வடிவமைத்தார். உட்பக்கம் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு வழிகாட்டி அமைப்பு வைத்தார். ட்ராக் தொங்குவது நின்றது. அது 1915 செப்டம்பர். அடுத்த செப்டம்பரில் டாங்கி போர்க்களத்தில் இருந்தது.

நான் மாவு மில் பெல்ட்டில் தோற்றது எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "இதை அவங்ககிட்ட போய்த்தான் தெரிஞ்சிக்கணுமா? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றார். அவர் வேலை செய்த பிரிவு சக்கரமும் ட்ராக்கும் மாட்டும் பிரிவு. அது எனக்கு அன்றுதான் தெரியும். நாற்பது வருஷம் ஒரே வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருந்திருக்கிறோம். "உள்ளே என்ன வேலை?" என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. வெளியே பேசக் கூடாது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு பாடம். தனிக் கண்ணி முக்கியம் இல்லை. எல்லாக் கண்ணியும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். ஒரு பக்கத்துக்கு 90 கண்ணி, இரண்டு துளைகளுக்கு இடையே 30 மில்லிமீட்டர் தூரம். ஒரு கண்ணியில் 0.2 மில்லிமீட்டர் தப்பினால் கண்ணுக்குத் தெரியாது. 90 கண்ணியில் அது 18 மில்லிமீட்டர் ஆகும். அரைக் கண்ணிக்கு மேல். பிறகு ஸ்ப்ராக்கெட்டின் பல் எப்படித் துளையில் உட்காரும்?

மரத்தில் பேட்டர்ன் செய்தேன். தெரிந்த ஒரு சின்ன ஃபவுண்டரியில் மண் அச்சில் அலுமினியம் ஊற்றி 200 கண்ணி வார்த்துக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் உட்பக்கமும் நடுவில் ஒரு கொம்பு. ரோடு வீலின் இரண்டு வட்டுகளுக்கு இடையில் அந்தக் கொம்பு ஓடினால் ட்ராக் பக்கவாட்டில் நழுவாது. பிறகு ஒரு டிரில் ஜிக் செய்தேன். கண்ணியை அதில் பூட்டினால் டிரில் வேறு எங்கும் போக முடியாது, குறித்த இடத்தில்தான் இறங்கும். அண்ணன் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் கை நடுக்கம் வந்து சில வருஷம் ஆகிறது. அளவுகோலைப் பிடிக்க முடியாது. ஆனால் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின் செருகிக் கையில் ஆட்டிப் பார்த்தே, "இது வேணாம்" என்று தள்ளிவிடுவார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். 200-இல் 14 கண்ணிகளைத் தள்ளினார்.

ரேடியோ வேலை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரிச்சி தெருவில் ரிமோட் செட் வாங்கினேன். பழைய சக்கர நாற்காலியின் மோட்டார் இரண்டு, 24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரி. ஒரு காலத்தில் பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டினோம். இன்று குச்சியைத் தள்ளினால் வண்டி போகிறது. ரேடியோவில் வண்டி ஓட்டுவதும் பழைய கதைதான். 1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக்காட்டினார். 1939-40 குளிர்காலத்தில் ஃபின்லாந்துப் போரில் சோவியத் ராணுவம் ஆளில்லாத டி-26 டாங்கிகளை ரேடியோ மூலம் இயக்கியது. பின்னால் இன்னொரு டாங்கியில் இருந்தவர்கள் அவற்றை ஓட்டினார்கள்.

டாங்கிக்கு ஸ்டீயரிங் சக்கரத்தால் திரும்பும் முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்க ட்ராக்கை மெதுவாக்கி மறுபக்கத்தை வேகமாக்கினால் வண்டி திரும்பும். எங்களுடையதில் பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒரே குச்சியின் அசைவைக் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு மோட்டாருக்கும் பிரித்துக்கொடுக்கும். முதல் நாள் சிக்னல் விட்டுப்போனால் மோட்டார் தானே நிற்கும்படி வைக்க மறந்துவிட்டேன். கையில் இருந்த ரிமோட்டின் பேட்டரி தீர்ந்ததும் 90 கிலோ வண்டி நேராகப் போய்த் துணி துவைக்கும் கல்லில் மோதி நின்றது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே அந்தத் தவறைச் சரிசெய்தேன். குழந்தைகள் நிற்கும் இடத்தில் இதை ஓட்டப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

சென்ற கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை, தெருவில் இறக்கினோம். அண்ணி, பிள்ளைகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் நின்றார்கள். சேற்றில் அழகாகப் போயிற்று. நின்ற இடத்திலேயே திருப்பினேன். இடது ட்ராக் கழன்று கீழே விழுந்தது. யாரும் பேசவில்லை. நான் ஸ்பானரை எடுத்துப் பின்னைத் தட்டிக் கழற்றப் போனேன்.

"கண்ணியை உடைக்காதே" என்றார் அண்ணன். முக்காலியை இழுத்துப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னாடி ஐட்லரைத் தளர்த்து. பின்னாடி பல்லுல மாட்டு. நீ மெதுவா ஓட்டு, அதுவே இழுத்துக்கும்." நடுங்கும் கையால் ட்ராக்கைத் தூக்கிப் பிடித்தார். நான் குச்சியை நூலளவு தள்ளினேன். ஸ்ப்ராக்கெட் ஒவ்வொரு கண்ணியாக வாங்கிக்கொண்டது. கொம்புகள் வரிசையாகச் சக்கரங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தன. பிறகு ஐட்லரை இறுக்கச் சொன்னார். ட்ராக்கின் மேல்பக்கத்தை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். "போதும்" என்றார். அன்று அது மறுபடி கழலவே இல்லை.

பேத்தி கிட்டே வந்து பீரங்கியைத் தொட்டுப் பார்த்து, "தாத்தா, இது யாரைச் சுடும்?" என்றாள்.

"சுடறது எங்க வேலை இல்லம்மா. நடக்க வைக்கிறதுதான் எங்க வேலை" என்றார். அவள் ஓடிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் கழித்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "71-ல சண்டை நடந்தப்போ, நாங்க மாட்டின வண்டி எங்க நிக்குதோ, அதுக்கு எதிர்ல யார் நிக்கறாங்களோன்னு நெனச்சதுண்டு. உள்ளே உக்காந்திருக்கிற நாலு பையன் முழுசா திரும்பணும், அதுக்கு ட்ராக் கழலக் கூடாது. அவ்வளவுதான்டா அப்ப தெரிஞ்சது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி?

விஜயந்தாவுக்குப் பிறகு ஆவடியில் டி-72 வந்தது, அர்ஜுன் வந்தது, டி-90 வந்தது. 2021 அக்டோபரிலிருந்து அந்தத் தொழிற்சாலை ஒரு அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. புத்தகங்களில் எந்த டாங்கி எந்தப் போரில் நின்றது, எத்தனை மில்லிமீட்டர் பீரங்கி என்றெல்லாம் இருக்கிறது. லிங்கனில் ட்ரிட்டன் பெயரும் வில்சன் பெயரும் சரித்திரத்தில் ஏறின. ஆவடியில் இத்தனை வண்டிகளுக்கு ட்ராக் மாட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

அண்ணன் தன்னோடு ஒரே கும்பலாக வேலை பார்த்த எட்டுப் பேரின் பெயரை யோசித்து யோசித்துச் சொன்னார். ஐந்து பேர் இப்போது இல்லை. வண்டியின் மேல்மூடியைக் கழற்றி, உள்பக்கத் தகட்டில் எழுத்துப் பஞ்ச் வைத்து ஒவ்வொரு பெயராக அடித்தேன். எட்டு முடிந்ததும் ஒன்பதாவதாக அண்ணன் பெயரை அடிக்கச் சுத்தியலைத் தூக்கினேன். "அதை அவ அடிக்கட்டும்" என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது.